உருண்டை மூஞ்சி வண்டிக்குப் பவர் பிரேக்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், மாமா சுகம், கடைக் கூரை மட்டும் ரெண்டு இடத்தில் சுகமில்லை, அங்கே உன் உடம்பும் கைகாலும் சுகமாக இருக்க வேண்டும். உன் நாலு வரிக் கடிதம் வந்தது. அதில் ரெண்டு வரி குளிர், ஒரு வரி வேலை, மிச்சம் ஒரு வரிதான் நீ. பஸ்ஸில் டிரைவரின் கால் தெரியாத இடமாகப் பார்த்து உட்காருகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பத்து தடவை படித்தேன். மாமாவிடம் காட்டவில்லை, காட்டினால் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழுவான், கேட்டால் புகை என்பான். சித்தி பல் கட்டிக்கொண்டாள், இப்போது பேசும்போது விசில் வருகிறது, ஆனாலும் பேச்சைக் குறைக்கவில்லை. மேல்வீட்டுக்காரர் மறுபடியும் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டு நம் பக்கம் கை காட்டுகிறார். நீ வேலை செய்கிற குளிர்க் கிடங்கில் தருகிற மெல்லிசான கையுறை போதாது, உள்ளே இன்னொன்று போட்டுக்கொள். இதெல்லாம் இருக்கட்டும், நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. அந்த உருண்டை மூஞ்சி வண்டி நம் பிரேக் கடைக்கு வந்தது.

ஆமாம், அதே வண்டிதான். பின்னால் என்ஜின், அதுவும் தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே ஆறுகிற என்ஜின், உள்ளே மடக்குக் கட்டில், குட்டி மேஜை, அடுப்பு, ஜன்னலுக்கு ஜன்னல் பூப்போட்ட திரை. நீ ஓட்டும்போது நீலம், இப்போது கிளிப்பச்சையும் வெள்ளையும். மூன்று வருஷத்தில் மூன்றாவது பெயிண்டாம். முன்பக்கம் நசுங்கின தடம் தெரியாமல் பட்டி போட்டுத் தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து விடுதி முதலாளியே இறங்கினார். உன்னைப் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டு ரெண்டு வருஷம் அந்த வண்டியை ஓட்ட வைத்தவர், எட்டு விருந்தாளிகளையும் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றி நீ சரிவில் இறங்கும்போது வண்டி நிற்காமல் போய் அடிவாரத்துப் பேப்பர் கடைக்காரரின் காலை உடைத்த பிறகு, விசாரணையில் நின்று, பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, பொம்பளப் பிள்ளை, பயத்துல காலை எடுத்துட்டா என்று சொன்னவர். அந்த ஒரு வார்த்தைக்கு உன் லைசென்ஸ் போனது, நீயும் போனாய். அதே வாய் என் கடை வாசலில் நின்று அக்கா நல்லா இருக்கீங்களா என்று கேட்டது. பேப்பர் கடைக்காரர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார், அவர் ஒரு நாளும் உன்னைத் தப்பாகச் சொன்னதில்லை என்பதையும் இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வந்த விஷயம் என்ன தெரியுமா. அவர் மகள் புருஷனோடும் பிள்ளையோடும் அந்த வண்டியில் பத்து நாள் சுற்றுலா போகிறாளாம். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாளாம், பெடல் கல்லு மாதிரி இருக்கிறதாம். என் பொண்ணு காலு தாங்காதுக்கா, பவர் பிரேக் வெச்சுக் குடுங்க என்கிறார். நீ எத்தனை தடவை அவரிடம் அதையே கேட்டாய், நாலு தடவை. ஒவ்வொரு தடவையும், நல்லா சாப்பிடு பாப்பா, காலுல பலம் வரும் என்று சொல்லிச் சிரித்தார். திரை மாற்ற மனசு வந்தது, மெத்தை மாற்ற மனசு வந்தது, சம்பளத்துக்கு ஓட்டுகிறவளின் கால் மட்டும் கண்ணில் படவில்லை. பெற்ற மகள் கால் என்றதும் ஓடி வருகிறார். வேறு ரெண்டு கடையில் இந்தப் பழைய வண்டி எங்களுக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்கள், இல்லாவிட்டால் என் வாசலை மிதித்திருக்க மாட்டார். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க என்று வேறு சொன்னார். எனக்கு மறதி அதிகம் சார், வண்டியை உள்ள விடுங்க என்றேன். உள்ளே மாமா கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். வேலைக்கு முன்னால் ஒரு ஓட்டம், வேலை முடிந்து ஒரு ஓட்டம், வழக்கமாக ஏற்றுகிற சுமையோடு. ஓட்டுவது வண்டிக்காரர், பக்கத்தில் நான். யாருக்கும் அதில் விலக்குக் கிடையாது என்று அவரிடம் சொன்னேன், அவரும் அதுக்கென்னக்கா என்றார். விருந்தாளிக்கு ஒன்று என்று எட்டு மணல் மூட்டை ஏற்றினோம், மாமா தேடித் தேடி குண்டு மூட்டையாக எடுத்துப் போட்டான். பழைய கல்குவாரிக்குப் போகிற ஆளில்லாத சரிவு இருக்கிறதே, கடைசியில் மேடேறி ஜல்லிக் குவியலில் முடியுமே, அங்கே கூட்டிப்போனேன். லாரிக்காரர்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க முன்னாலேயே போய் நின்றிருந்தார்கள். யார் சொல்லி என்று கேட்காதே. பாதிச் சரிவில் பிரேக்கைப் பிடிங்க சார் என்றேன். தினமும் காலையில் நடக்கிற, பந்து விளையாடுகிற கால். மிதித்தார். வண்டி அதன் பாட்டுக்கு இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது, இன்னொரு காலையும் தூக்கி வைத்து மிதித்தார், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். என் கை ஹேண்ட்பிரேக்கில்தான் இருந்தது. நான் அவசரப்படவில்லை. அக்கா அக்கா என்றார், நான் ஜன்னல் திரையின் பூவை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று எண்ணி முடித்துவிட்டுத்தான் இழுத்தேன், வண்டி மேடேறி ஜல்லியில் புதைந்து நின்றது. இறங்கினவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். இத ஒரு ஆளு எப்பிடி ஓட்டுறது என்றார், எல்லார் காதிலும் விழும்படி. லாரிக்காரர்களில் மூத்தவர், நல்லா சாப்பிடுங்க சார், காலுல பலம் வரும் என்றார். மகளே, மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு சக்கரத்து டிரம்மையும் கழற்றினேன். டிரம்மை உள்ளிருந்து பிடித்து நிறுத்துகிற லைனிங் கருகிக் கண்ணாடி மாதிரி வழுவழு என்றிருந்தது. முதலாளியின் மகளும் வந்திருந்தாள், எப்படி வேலை செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டுமாம், சும்மா நிற்கிறாளே என்று கையில் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். பெடலை இறக்கும்போது அதோடு புஷ் ராடும் கழன்று வந்தது, காலின் அழுத்தத்தைப் பெடலிலிருந்து, சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குக் கொண்டுபோகிற விரல் பருமன் கம்பி. எந்தக் கம்பி கழன்றாலும் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்ப்பேன் இல்லையா. நேரான கம்பி சத்தமில்லாமல் ஓடும். இது டக் டக்கென்று தலையை ஆட்டிக்கொண்டு ஓடி நின்றது. நடுவில் வளைந்திருக்கிறது. முந்தின நாள் முதலாளி மிதித்ததில் வளைந்ததா என்று முதலில் பார்த்தேன், இல்லை. வளைவின் மேல் பெயிண்ட் வெடித்து, வெடிப்புக்குள் பழைய துரு ஏறியிருந்தது. புதிதாக வளைந்திருந்தால் இரும்பு வெள்ளையாகத் தெரியும். அதோடு, வளைந்ததால் குறைந்த நீளத்தை யாரோ நட்டை முறுக்கிச் சரிக்கட்டியிருக்கிறார்கள், அந்த நட்டுக்கும் அதே வயசுத் துரு. அதாவது, அன்றைக்கு இடித்த வண்டியை எங்கேயோ ரிப்பேர் செய்தவன் இந்த வளைவைப் பார்த்திருக்கிறான், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான். முதலாளிக்கும் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், வெறுக்க வசதியாக இருக்கும்.

காலை எடுத்தவள் இந்தக் கம்பியை வளைத்திருக்க முடியாது. ரெண்டு காலும் வைத்து, உயிரே போனாலும் சரி என்று மிதித்தவளால்தான் முடியும். இருபத்தேழு வருஷமாகப் பிரேக் வேலை செய்கிறேன். அன்றைக்கு அந்த வண்டியைப் போய்க் குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் வந்தவளை வாசற்படியிலேயே நிறுத்தி நான் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. பயத்துல காலை எடுத்துட்டியாடி என்று கேட்டேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாய், அதற்கப்புறம் ரெண்டு மாசத்தில் பெட்டி கட்டிவிட்டாய். முதலாளி ஊருக்குச் சொன்னதை நான் வீட்டுக்குள் கேட்டேன், வித்தியாசம் அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி அதை லேசாக்கப் பார்க்கவில்லை. இப்படி நடந்தது, செய்தது நான், எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நல்ல புத்தியே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவர் பிரேக் என்பது பெரிய மந்திரமில்லை. என்ஜின் மூச்சு இழுக்கிறதே, அந்த இழுப்பைப் பின்னாலிருந்து ஒரு குழாய் வழியாக முன்னால் கொண்டுவந்து ஒரு வட்ட டப்பாவில் அடைத்து வைப்பது, அதுதான் பூஸ்டர். பெடலை லேசாகத் தொட்டால் மிச்சத்தை அந்த டப்பா தள்ளும். எல்லாம் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. கெட்டிக் குழாய் போட வேண்டும். சாதாரண ரப்பர் குழாய் போட்டால் கடையில் நன்றாக வேலை செய்யும், முதல் நாளும் செய்யும். மலையேறி என்ஜின் சூடேறினதும் குழாய் இளகும், இழுப்புக்குத் தட்டையாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ரெண்டு மிதிக்குத் தாங்கும், மூன்றாவது மிதிக்குப் பெடல் முன்னைவிடக் கல்லாகிவிடும். மாமா அதைச் சொல்லவே சொல்லிவிட்டான். சாதாக் குழாயைப் போட்டு விடுக்கா, யாரு கேக்கப் போறா என்றான். அவன் சொல்வதற்கு முன்னாலேயே அது என் கையில் இருந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூலையில் எறிந்தேன், ஆனால் என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே. டார்ச் பிடித்த அந்தப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். அந்தக் குழாய் கைவிட்டால் ஸ்டியரிங்கில் இருக்கப்போவது அவள், முதலாளி இல்லை. வண்டி இடித்த மறுநாள் அவளைப் பற்றியும் அதையேதான் சொல்வார்கள், பொம்பளப் பிள்ளை, காலை எடுத்துட்டா என்று. இன்னொருத்தியின் காலைக் குற்றவாளியாக்கி அந்த ஆளை மறுபடியும் தப்பவிடுவதா. எனக்கு அவர் வேண்டும். அவர் மட்டும் வேண்டும்.

அதனால் வேலையை என் ஆயுசில் செய்யாத அளவுக்குச் சுத்தமாகச் செய்தேன். புது லைனிங், ஒரு வழி கைவிட்டாலும் மறு வழி பிடிக்கிற ரெட்டை வழி மாஸ்டர் சிலிண்டர், பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த நல்ல பூஸ்டர், அதைத் தாங்க மாமா வைத்த வெல்டிங் பற்றில் ஒரு துளி கசடு கிடையாது, வாயால் திட்டிக்கொண்டே கையால் நகை மாதிரி செய்து வைத்தான். ரெண்டாவது ஓட்டத்துக்கு முதலாளியின் மகளையே ஓட்டச் சொன்னேன், அதே எட்டு மூட்டை, அதே சரிவு. கட்டைவிரலை ஊன்றின மாதிரித்தான் மிதித்தாள், வண்டி மூக்கைத் தாழ்த்தி அப்படியே நின்றது. அவள் இறங்காமல் இன்னொரு தடவை பெடலை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். உனக்கு மறுத்தது இவ்வளவுதான் மகளே, ஒரு டப்பா, ஒரு குழாய், நாலு நாள் வேலை.

இனிமேல்தான் விஷயம். வண்டியின் பிரேக்கை மாற்றினால் வாகன அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பதிய வேண்டும், அதில் மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சொந்தக்காரர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி வசதிக்காக என்று எழுதப் போனார். அப்படி எழுதினா திருப்பி அனுப்பிருவாங்க சார், விவரமா எழுதணும் என்றேன், அது பொய்யில்லை, போன வருஷம் ரெண்டு விண்ணப்பம் அப்படித் திரும்பியிருக்கிறது. அவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற மகள், நடந்ததை எழுதுங்கப்பா, சுமையோட சரிவுல ரெண்டு கால் வெச்சு மிதிச்சும் நிக்கலன்னு எழுதுங்க என்றாள். வேண்டுமென்றே சொன்னாளா, சும்மா சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. கம்பி உருண்டபோது டார்ச் பிடித்திருந்தவள் அவள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். அவர் எழுதினார், வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம். இவ்வாகனத்தில் முதலிலிருந்தே உள்ள பிரேக், முழுச் சுமையுடன் சரிவில் இறங்கும்போது, பலமான ஆண் ஒருவர் இரு கால்களாலும் மிதித்தாலும் வண்டியை நிறுத்தப் போதாது, இதை நானே ஓட்டிப் பார்த்து உறுதி செய்துள்ளேன். அந்தப் பலமான என்ற வார்த்தையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் காலை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்று அவராகவே சேர்த்தது. நான் கையெழுத்துக்கு இடம் காட்டினேன்.

விண்ணப்பத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைக்காரர் கொடுப்பது வழக்கம்தானே. கூடவே துணியில் சுற்றி அந்தக் கம்பி, உன் லைசென்ஸை ரத்து செய்த உத்தரவு, லாரிக்காரர்கள் மூன்று பேரும் எழுதிக் கொடுத்த சாட்சி. அன்றைக்கு வண்டியைச் சோதித்த அதிகாரி இப்போது அங்கே இல்லை, நின்றுகொண்டிருந்த காலி வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்துப் பிரேக் சரி என்று எழுதின மகராசன், எங்கே போனாரோ. இப்போது இருப்பவர் மெதுவான மனுஷர், ஒரு தாளைப் படிக்க ரெண்டு கொட்டாவி விடுகிறார். பழைய கோப்பை எடுத்து முதலாளி அன்று கொடுத்த வாக்குமூலத்தையும் இன்று எழுதின காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், ரெண்டிலும் கீழே அதே வால் நீண்ட கையெழுத்து. கொட்டாவி நின்றுவிட்டது. இது இப்ப வளைஞ்சதில்லன்னு எப்படிம்மா சொல்றீங்க என்று கேட்டார், துருவைக் காட்டினேன். கம்பியைத் தன் மேஜைக் கண்ணாடி மேல் தானே ரெண்டு தடவை உருட்டிப் பார்த்தார். அந்த டக் டக் சத்தம் அந்த அறையிலும் கேட்டது, நான் அழவில்லை.

சுற்றுலா கிளம்புகிற காலையில் வாகன அலுவலகத்திலிருந்து வந்து வண்டியைப் பிடித்தார்கள். சொல்ல எனக்கு வெட்கமில்லை, பார்ப்பதற்கென்றே போனேன். மூட்டை கட்டி, திரை போட்டு, மெத்தை விரித்து எல்லாம் தயாராக நிற்க, சிப்பந்தி முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார், விசாரணை முடியும்வரை வண்டி அலுவலக வளாகத்தில் நிற்க வேண்டுமாம். முதலாளி என்னிடம் வந்து, அக்கா உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே, பழசை மனசுல வெச்சுக்காதீங்கன்னு என்றார். எனக்குத்தான் மறதியாச்சே சார், அதான் எழுதி வாங்கிக்கிட்டேன் என்றேன். அவர் பேரப்பிள்ளை அழுதது, அது கொஞ்சம் உறுத்தியது, ரொம்ப இல்லை. மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனாள், அப்பாவின் காரில் ஏறவில்லை. அவளுக்காக நான் உருகவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. இது உன் கணக்கு, அவளுடையதில்லை.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். கோப்பை மறுபடி திறந்துவிட்டார்கள், ஆனால் அன்றைய விசாரணையில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை, வாக்குமூலம் என்ற இடத்தில் உன் பெயருக்கு எதிரே வெறும் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பதிலாக உன் கையெழுத்தோடு உன் வார்த்தை வர வேண்டும், அலுவலகக் கடிதம் உன் கைக்குக் கிடைத்த முப்பது நாளுக்குள். வராவிட்டால் பழைய உத்தரவே நிற்கும், நானும் கம்பியும் லாரிக்காரர்களும் எவ்வளவு குதித்தாலும் அவர் சொன்னதுதான் கோப்பில் உண்மை. அந்தக் கடிதம் உன் விலாசத்துக்கு வரும், பழுப்பு உறை, பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. நடந்ததை நடந்த மாதிரி எழுது. எந்த இடத்தில் மிதித்தாய், எத்தனை தடவை மிதித்தாய், எப்போது ரெண்டாவது காலை வைத்தாய், அதை எழுது. வருத்தப்படுகிறேன் என்று எழுதாதே, ஒருவேளை என்று எழுதாதே, அவர் நல்லவர்தான் என்று தொடங்காதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. பேப்பர் கடைக்காரர் தன் பங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வண்டி தன் மேல் ஏறுகிற நொடியில் கண்ணாடிக்குப் பின்னால் நீ சீட்டை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாயாம், பார்த்தாராம். அன்றைக்கு அவரை யாருமே கேட்கவில்லையாம்.

உன் கால் ரெண்டும் குளிரில் விறைக்காமல், நோவு நொடி இல்லாமல் நீ நூறு வயசு நிமிர்ந்து நடக்க வேண்டும், உன்னைக் குனிய வைத்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாமாவும் சித்தியும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். முப்பது நாளை மறக்காதே, உன் தபால் இங்கே வந்து சேரவே பத்து நாள் ஆகும், அதனால் இருபது என்று வைத்துக்கொள். எனக்குப் பதில் எழுத மனசு வராவிட்டால் எழுத வேண்டாம், அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. அலுவலகத்துக்கு எழுது.

இப்படிக்கு,
வண்டியையும் பார்க்காமல் உன் முகத்தையும் பார்க்காமல் கேட்ட
உன் அம்மா